எந்த பிராசசருக்கு வைரஸ் வராது?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. பிராசசருக்கு, அதாவது கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிப்புக்கு, பங்கு உண்டு. ஆனால் கேட்பவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

வைரஸும் ஒரு புரோகிராம்தான். எந்த சிஸ்டத்துக்கு எழுதினார்களோ அதில்தான் ஓடும். குன்னூர் பெட்போர்டில் ஜெராக்ஸ் கடைக்கு பயோடேட்டா பிரிண்ட் எடுக்கப் போன பென்டிரைவ், ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் திரும்புகிறதே, அது விண்டோஸுக்கென்றே எழுதியது. அதையே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் ஓடுகிற கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யாது, மறைத்து வைத்த அசல் ஃபோல்டர்களும் கண்ணுக்குத் தெரியும்.

உடனே "அப்போ மேக் வாங்கிடலாமா?" என்பார்கள். 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற மால்வேர் (வைரஸ் மாதிரியான கெடுதல் புரோகிராம்) ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக சுமார் ஆறு லட்சம் மேக்குகளில் புகுந்தது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப் வந்தது. 2021 பிப்ரவரியிலேயே அந்தச் சிப்புக்கென்று தயாரான சில்வர் ஸ்பாரோ என்ற மால்வேர் பிடிபட்டது. சிப் மாறினால் திருடனுக்கு அதே புரோகிராமைப் புதுச் சிப்புக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்கிற வேலை, அவ்வளவுதான். 2016இல் மிராய் என்ற மால்வேர், ஆர்ம், மிப்ஸ் என்று சிப் வகைக்கொரு பதிப்போடு வந்து ரவுட்டர்களையும் சிசிடிவி கேமராக்களையும் பிடித்தது. அவற்றில் ஓடியது லினக்ஸ்தான். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததே அதற்கு வழியாகிவிட்டது. (காட்டேஜுக்குக் காட்டேஜ் கேமரா மாட்டியிருக்கிறோமே, பாஸ்வேர்டை மாற்றியவர்கள் கை தூக்குங்கள்.)

சிப்பிலேயே ஓட்டை என்று 2018இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் வெளியே வந்தன. அப்டேட் போடுகிற வீட்டு லேப்டாப்புக்கு அது பெரிய கவலை இல்லை.

பெரிய கவலை வேறு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால், ஓரிரு விதிவிலக்கு போக, குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும். 2016இல் வாங்கிய இன்டெல் ஐ5 மெஷின், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு இன்றும் ஜம்மென்று ஓடுகிறது, ஆனால் சிப் பழசு என்பதால் 11 கிடையாது, 10க்கு வழக்கமாக வந்த பேட்ச்சும் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) நின்றுவிட்டது. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன். பேட்ச் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை போதும்: 2017 மார்ச்சில் பேட்ச் வந்தது, மே மாதம் தாக்குதல். அடிவாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள்.

"டூல் போட்டு 11 ஏற்றித் தர்றேன்" என்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பசங்க படிப்பு, யூடியூப், பேங்க் வேலை மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், தாராளமாகப் போதும். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது சரிப்படாது. அவர்களுக்கு, விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு அப்டேட் கிடைக்கிறது, அதில் பதிவு செய்துகொண்டு அதற்குள் புது மெஷினுக்குப் பணம் சேருங்கள். அப்புறம், கிராக் போட்ட ஆபிஸ் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், போட்டுக் கொடுத்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.