பணிவு பத்தி குறள் சொல்றது இல்லாதவங்களுக்கு மட்டுமா?

மேல ஒருத்தர், திருக்குறள் பணிவுன்னு சொல்றதே இல்லாதவன் இருக்கறவன் முன்னாடி அடங்கிப் போகணும்னுதான்னு எழுதியிருக்காங்க, அதையே நாலஞ்சு பேர் ஷேர் வேற பண்ணியிருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, குறள்ல அப்படி இல்ல, சொல்லப்போனா நேர் எதிரா இருக்கு.

மானம்ங்கற 97வது அதிகாரத்துல மூணாவது குறள், அதாவது 963, "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு". வசதி பெருகி நிக்கறப்பதான் பணியணுமாம், கையில ஒண்ணும் இல்லாம சுருங்கிப் போன நேரத்துல தலை நிமிர்ந்து இருக்கணுமாம். நொடிச்சுப் போனவங்களப் பாத்து இன்னும் குனின்னு சொல்ற வரி இல்லங்க இது, எனக்கு ரொம்பப் பிடிச்ச குறளும் இதுதான், அதனாலதான் இவ்ளோ தூரம் எழுதறேன்.

அடக்கமுடைமையில 125வது குறளும் பணிதல் "எல்லார்க்கும் நன்றாம்"னுதான் ஆரம்பிக்குது, அப்புறம் தனியா எடுத்துச் சொல்றது செல்வர்களத்தான், அவங்களுக்கு அது இன்னொரு செல்வம் மாதிரின்னு.

நான் சொல்றேன்னு நம்ப வேணாம், வீட்ல இருக்கற எந்தப் பதிப்பா இருந்தாலும் இந்த ரெண்டு நம்பரையும் எடுத்துப் பாருங்க, உரையில சந்தேகம்னா பரிமேலழகர் உரையையும் மு.வ. உரையையும் பக்கத்துல வச்சுப் படிங்க, 963க்கு ரெண்டு பேருமே இதே பொருள்தான் சொல்றாங்க. போஸ்ட் போட்டவங்க அந்த ஒரு வரிய மட்டும் எடிட் பண்ணிட்டீங்கன்னா நல்லா இருக்கும்.