முன்வாசலால போனதுக்கு ஒரு விளக்கம்

எங்கட பேர் போடாமல் எழுதினால் ஆருக்கும் விளங்காது எண்டு அண்ணை நினைச்சிட்டார் போல. ‘வெள்ளைக்காரன்ர மாளிகையில ஒரு ராத்திரி ராணி வேசம்’ எண்டு, பிரான்சின்ர தெற்குக் கடற்கரை ஊரான நீஸில நானும் என்ர மனுசனும் ஒரு பெரிய ஹொட்டலில தங்கினதை நக்கலடிச்ச அந்தப் பதிவை இஞ்ச இருக்கிற எல்லாரும் வாசிச்சிட்டீங்கள். அதுக்கு விருப்பக்குறி போட்டவையில கனபேர், என்ர நீஸ் படங்களுக்குக் கீழ ‘சூப்பர் அக்கா’ எண்டு எழுதின அதே ஆக்கள். பரவாயில்லை. நான் சண்டை பிடிக்க வரேல்லை. ஆனா எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

நாங்கள் நெக்ரெஸ்கோ ஹொட்டலில தங்கினது எங்கட காசில. சீட்டுக்காசு இல்லை, வங்கிக் கடன் இல்லை, ஆரிட்டையும் மாறினதும் இல்லை. காசு கட்டின ஆள் முன்வாசலால போகும். போக முதல் அனுமதி கேக்கவும் தேவையில்லை, போட்டு வந்து கணக்குக் காட்டவும் தேவையில்லை. இதை இந்தப் பதிவில எத்தினை தரம் சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது.

அண்ணை, ‘வெள்ளைக்காரன்ர மாளிகை’ எண்டு எழுத முதல், அந்த வெள்ளைக்காரன் ஆரெண்டு ஒருக்காத் தேடிப் பாத்திருக்கலாம். ஹென்றி நெக்ரெஸ்கோ பிரபுவும் இல்லை, பிறப்பால பிரெஞ்சுக்காரனும் இல்லை. ருமேனியாவில, புக்காரெஸ்ட்டில ஒரு சத்திரக்காரன்ர மகன். பிழைப்புத் தேடி மேற்கால வந்து, ஹொட்டல் தொழிலில படிப்படியா ஏறி, நீஸில நகரசபைக் கசினோவை நடத்தின மனுசன். கார் செய்து காசு பாத்த அலெக்சாந்தர் தராக் முதல் போட, எதுவார் நீர்மான்ஸ் வரைபடம் கீற, 1913 தை மாதம் திறந்தது அந்த ஹொட்டல். அடுத்த வருசமே உலகப் போர். கட்டிலெல்லாம் காயக்காரருக்குப் போய், ஹொட்டல் ஆசுப்பத்திரியாச்சு. போர் முடிஞ்சபிறகு பழைய பணக்கார வாடிக்கையாளரில கனபேர் திரும்பி வரேல்லை. ஹொட்டல் கைமாறிப் போச்சு, மனுசன் நொடிஞ்சுபோய் 1920ல பாரிசில செத்தார். பேர் மட்டும் அந்த றோசாக் குவிமாடத்தோட இண்டைக்கும் நிக்குது.

சொந்த நாட்டை விட்டு வந்து, வேலை பழகி, கடை போட்டு, கடை முறிஞ்சு போன எத்தினை பேரை, பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில எங்களுக்குத் தெரியும்? உங்களுக்கும் தெரியும் அண்ணை. அந்தக் கதையை வைச்சுப் பாத்தால் நெக்ரெஸ்கோ ஆருக்குக் கிட்ட? உங்கட பதிவில வாற மாளிகைக்காரனுக்கோ, எங்களுக்கோ?

பிறகு அதைத் தூக்கி நிப்பாட்டினது ஒரு பொம்பிளை. ஜான் ஓஜியே. 1957ல அவவின்ர குடும்பம் வாங்கினது. அம்மாவுக்கு நடக்க ஏலாது, சக்கரக் கதிரை போகக்கூடிய பெரிய லிஃப்ட் அங்கதான் இருந்தது, அதாலதான் அந்த ஹொட்டலையே வாங்கினவை எண்டு ஒரு கதை இருக்கு. அம்மாவுக்காண்டி லிஃப்டோட சேத்து ஹொட்டலை வாங்கின குடும்பம் எண்டால் எனக்கு அதுவே போதும். கனகாலம் அவவின்ர கைதான் அங்க ஓங்கினது, 2019ல, 95 வயசில செத்தவ. பிள்ளையள் இல்லை. பெரிய பெரிய காசுக்காரர் விலை பேசியும் விக்கேல்லை. 2009ல ஒரு நிதியம் உண்டாக்கி, தனக்குப் பிறகு ஹொட்டல் சிதறிப்போகாமல், விலங்குகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடில்லாதவைக்கும் உதவி போற மாதிரி எழுதி வைச்சிட்டுத்தான் போனவ. எங்கட ஆக்கள் காணி உறுதிக்கு அடிபட்டுக் கோட்டுக்குப் போற வயசில அவ இதைச் செய்திருக்கிறா.

‘அந்தக் காசுக்குத் துபாயில கண்ணாடி மாளிகையில நாலு நாள் நிக்கலாமே, உது பழங்கட்டடம்’ எண்டு ஒரு தம்பி கேட்டவர். நில்லுங்கோ தம்பி, ஆர் வேண்டாம் எண்டது. எனக்குப் பழசு வேணும். வாசலில இறகு குத்தின தொப்பியோட, பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்பில ஆள் நிக்குது. ஒரு பக்கம் ஹியாசிந்த் ரிகோ கீறின பதினாலாம் லூயி மன்னன்ர படம், இன்னொரு பக்கம் நிக்கி த சான் ஃபால் செய்த குண்டுப் பொம்பிளைச் சிலை மஞ்சள் நிறத்தில கூத்தாடுது. வெளியில பாத்தால் எக்காளம் ஊதுற ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின்ர சிலை, அதுவும் நிக்கியின்ர கைதான். ஒரு அறை மாதிரி இன்னொரு அறை இல்லை. சிலருக்கு இது கண்ணைக் குத்தும். குத்தட்டும்.

அந்த வட்டக் கூடத்துச் சரவிளக்கைப் பற்றித்தான் அண்ணைக்குக் கூடக் கோவம். பக்கரா எண்ட பிரெஞ்சுக் கம்பனியின்ர பளிங்கு, 16,309 துண்டு. ரஷ்யச் சார் மன்னருக்கெண்டு செய்தது, புரட்சி வந்ததால அவருக்குப் போய்ச் சேரேல்லை எண்டு சொல்லுவினம். 1913ல திறந்த ஹொட்டலுக்கு 1917இன்ர புரட்சிக் கதை எப்பிடிப் பொருந்துதெண்டு எனக்குச் சந்தேகம்தான், ஆனா ஹொட்டல்காரர் கதை சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது. இவர் அதுக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: ‘உதை எப்பிடியப்பா துடைப்பினம்?’

இவர் அப்பிடித்தான். சாப்பாட்டு மேசையில கிளாசை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, தண்ணித் தடம் இருக்கோ எண்டு பாத்தவர். இல்லை. ‘நல்லாக் கழுவியிருக்கிறாங்கள்’ எண்டார். தட்டைத் திருப்பி அடியில என்ன எழுதியிருக்கெண்டும் பாத்தவர். நான் மேசைக்குக் கீழால காலில தட்டினன். காலமை வெளிக்கிட முதல் துவாயளை எல்லாம் ஒரு குவியலாக் குவிச்சு, குப்பையை ஒரு பையில கட்டி வைச்சார். ஏனெண்டால் அறை துப்பரவாக்க வாற பிள்ளைக்கு ஒரு அறைக்கு எவ்வளவு நேரம் குடுப்பினம் எண்டு அவருக்குத் தெரியும்.

பாரிசுக்கு வந்த காலத்தில இவர் ஒரு பெரிய ஹொட்டலில கோப்பை கழுவினவர். பேர் வேண்டாம். வருசக் கணக்கா அங்க வேலை செய்தும் அந்த ஹொட்டலின்ர முன்வாசலை அவர் ஒரு நாளும் மிதிக்கேல்லை. குப்பைத் தொட்டி நிக்கிற ஒழுங்கையால உள்ள போறது, நிலக்கீழ் குசினி, திரும்ப அதே ஒழுங்கை. வீட்டை வந்தால் கையில சவர்க்கார வெடிப்பு. உள்ள சாப்பாட்டு மண்டபம் எப்பிடி இருக்கும் எண்டு நான் கேட்டதுக்கு, ‘தட்டைப் பாத்தால் தெரியும், நல்ல மண்டபமாத்தான் இருக்கும்’ எண்டு சொன்ன மனுசன். கண்ணெரிச்சல் படுகிறவைக்காண்டி இதை எழுதுறன். காசு கட்டினால் முன்வாசலால போகலாம்.

சரி, காலனி நாடுகளைச் சுரண்டின காசில எழும்பின இடத்துக்கு ஏன் போனனீங்கள் எண்ட ‘காலனிக் காசு’ கேள்விக்கு வாறன். அதில ஞாயம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். நீஸ் கடற்கரை வீதியின்ர பேரே ‘ஆங்கிலேயர் உலாவீதி’. 1820களில, குளிருக்குத் தப்பி வந்த இங்கிலாந்துக்காரர் தாங்கள் காத்து வாங்கி நடக்கிறதுக்கு, வேலையில்லாமல் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த சனத்துக்குக் கூலி குடுத்துப் போடுவிச்ச பாதை. அப்ப நீஸ் பிரான்சோடையே இல்லை, 1860லதான் சேர்ந்தது. அங்க வந்து கரைச்ச காசில சீனிக் காசு, பஞ்சுக் காசு எல்லாம் இருந்திருக்கும். எங்கட மலையகத்துத் தேயிலைக் காசும் கட்டாயம் இருந்திருக்கும். அப்ப நான் கேக்கிறன், அந்தச் சனத்தின்ர உழைப்பும் அங்க கிடக்குதெண்டால், எங்கட நாட்டில இருந்து போற ஒருத்தி அந்தக் கூடத்தில ஒரு கதிரையில இருந்து கோப்பி குடிக்கிறது எப்பிடிப் பிழையாகும்? அந்தக் கதிரையில முதல் உரிமை எங்களுக்கெல்லோ!

இன்னொண்டு. 1864ல வெள்ளைக்காரர் கட்டின கோல்பேஸ் ஹொட்டலின்ர வாசல் படியில நிண்டு, கடலைப் பாத்தபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் போட்டது ஆர்? ‘கொழும்பின் பாரம்பரியம்’ எண்டு தலைப்பு வேற. அது பாரம்பரியம், நெக்ரெஸ்கோ காலனியம். நான் அந்தப் படத்துக்கு இதயம் போட்டனான். இப்பவும் எடுக்கேல்லை, போய்ப் பாருங்கோ.

‘அந்தக் கடற்கரை பணக்காரற்ற இடம், எங்களுக்கு என்ன அலுவல்’ எண்டு எழுதின அக்காவுக்கு. 2016 யூலை 14, வாணவேடிக்கை பாத்துக்கொண்டு நிண்ட சனத்துக்குள்ள பாரவூர்தியை விட்டு 86 பேரைச் சாகடிச்சது அந்த வீதியிலதான். செத்ததில சின்னப் பிள்ளையள் இருந்தவை, தலையில முக்காடு போட்ட பொம்பிளையள் இருந்தவை. காயப்பட்டவையைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினது நெக்ரெஸ்கோவுக்குள்ளதான். அண்டிரவு ஆரும் ஆரிட்டையும் நீ பணக்காரனோ எண்டு கேக்கேல்லை. எங்கட ஊர்களில பள்ளிக்கூடமும் கோயிலும் ஆசுப்பத்திரியானதைப் பாத்த ஆக்கள் நாங்கள், ஒரு கட்டடம் எப்ப ஆருக்குச் சொந்தமாகும் எண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்ப எனக்கு உண்மையில நொந்த இடத்துக்கு வாறன். அண்ணையின்ர பதிவில மாளிகையும் ராணியும் எனக்குப் பெரிசில்லை. கடைசி வரி. ‘நேற்றுவரை கோப்பை கழுவினவைக்கு இண்டைக்குச் சரவிளக்குக் கேக்குது.’ எழுதிப்போட்டு ஒரு சிரிக்கிற முகம்.

டொக்டர் குடும்பம் மாலைதீவுக்குப் போய்த் தண்ணிக்கு மேல கட்டின வீட்டில நிண்டு படம் போட்டவை. ‘உங்களுக்கு ஓய்வு தேவை டொக்டர்’ எண்டு எழுதினனீங்கள். கணக்காளர் வெனிசுக்குப் போனால் ‘அருமையான தெரிவு’. ஒருத்தரிட்டையும் எவ்வளவு முடிஞ்சதெண்டு கேக்கேல்லை, ஒருத்தரையும் வேசம் எண்டு சொல்லேல்லை. எங்களிட்ட மட்டும் ஏன் கேக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? இவர் என்ன வேலை செய்தவர் எண்டது மட்டுமில்லை உங்கட கணக்கு. இவர் எந்த ஊர், ஊருக்குள்ள எந்தப் பக்கம், உங்கட வளவுக்குள்ள இவற்ற அப்பா எதுவரைக்கும் வந்து நிண்டவர் எண்டதையும் நீங்கள் மறக்கேல்லை. கடல் கடந்து வந்து, ஒரே மெத்ரோவில போய்வந்து, ஒரே ஆக்களின்ர கலியாணத்தில ஒரே பந்தியில இருந்தும் மறக்கேல்லை. நெக்ரெஸ்கோ வாசல்காரன் தொப்பியைக் கழட்டி ‘வாங்கோ’ எண்டவன். அவனுக்கு அது சம்பளத்துக்குச் செய்யிற வேலை, தெரியும். எண்டாலும் சொன்னவன்.

இவருக்கு உங்கட பதிவை நான் காட்டேல்லை. ஆரோ அனுப்பிக் காட்டிப்போட்டினம். ‘விடப்பா, கோப்பை கழுவினது உண்மைதானே’ எண்டார். அவர் விடுவார். நான் விடமாட்டன்.

உள்பெட்டியில விலை விசாரிச்சவைக்கு: கோடையில போகாதேங்கோ, மாசி மாதக் கார்னிவல் நேரத்திலயும் போகாதேங்கோ, ரெண்டு நேரமும் விலை ஏறும். நாங்கள் போனது கார்த்திகையில. ஒரு காலத்தில நீஸுக்குப் பணக்காரர் வந்ததே குளிர்காலத்திலதான், 2021ல யுனெஸ்கோ பட்டியலில அந்த ஊரைச் சேர்த்ததும் குளிர்கால ஓய்வு நகரம் எண்ட பேரிலதான். பாரிசில கார் த லியோன் ஸ்ரேசனில ரெயில் எடுத்தால் ஆறு மணித்தியாலம் வரும், வலப்பக்கம் இருங்கோ, மார்செய் தாண்டினபிறகு கடல் தெரியும். கடற்கரை முழுக்கக் கூழாங்கல்லு, வெறுங்காலோட நடக்கேலாது, பழஞ்செருப்பு ஒண்டு கொண்டுபோங்கோ. தங்க ஏலாட்டிக் கீழ றொத்தோந் எண்ட சாப்பாட்டுக்கடைக்குள்ள போய் ஒரு கோப்பி குடியுங்கோ, ஒரு காலத்தில ராட்டினத்துக் குதிரையளைச் சுத்திவர வைச்சிருந்த இடம்.

‘ஊரில சனம் பசியோட இருக்கேக்க’ எண்டு தொடங்கிற கருத்துகளை அழிப்பன். நாங்கள் ஊருக்கு மாதாமாதம் அனுப்புறதை ரசீதோட படம் எடுத்துப் போடுறேல்லை, அதால ஒண்டும் அனுப்பேல்லை எண்டு அர்த்தமில்லை. அழிச்சபிறகு கருத்துச் சுதந்திரம் எண்டு என்ர உள்பெட்டிக்கு வராதேங்கோ.