நூலகத்தை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லைங்க

போன வாரம் நம்ம ஊர் நூலக விழா மேடையில், நன்கொடை தந்தவர் ஒருத்தர் பேசிய பேச்சை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "நான் இல்லைன்னா இந்த ஊருக்கு நூலகமே கெடையாது" என்று மைக்கில் சொல்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. வாசலில் புதுக் கல்வெட்டு, அதில் 'நூலகம் தந்தவர்' என்று பெயர். அவர் தந்தது முன்பக்கத் தகரக் கொட்டகையும் பத்து நாற்காலியும். அதற்கு நன்றி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் நூலகத்தை அவர் தரவில்லை.

நூலகத்தைத் தந்தது நம்ம வீட்டு வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள், 'நூலக வரி' என்று தனியாகப் போட்டிருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வரி என்றால் அதற்கு மேல் நூறு ரூபாய் நூலகத்துக்கு. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகிறது.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் தி.சு.அவினாசிலிங்கம், நம்ம திருப்பூர்க்காரர். வரியாக வைத்துவிட்டால் யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. நம்ம மண்ணில் பிறந்தவர் செய்துவைத்த காரியம் இது. நம்ம ஊர் மேடையில் அவர் பெயரை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்து நூலகம் முதலில் சந்தைப்பேட்டைக்கு எதிரில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தது. வாடகை வீடு. மழை பெய்தால் ஒழுகும். 1993-ல் நான் எட்டாவது படித்தேன். ஐப்பசி மழையில் ஓர் இரவு ஓடு நகர்ந்து, கலைக்களஞ்சியம் இருந்த அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. பத்துத் தொகுதி. அவினாசிலிங்கம் ஆரம்பித்த தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-லிருந்து 1968 வரை கொண்டுவந்தது. அதன் ஆசிரியர் பெரியசாமித் தூரன், மோடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர்.

காலையில் போனால் நூலகர் அண்ணன் திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தொகுதிகளை விரித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் சொருகினார். படம் போட்ட வழவழப்பான தாள்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. "சாமி, மெதுவாப் பிரி. இழுத்தா படம் வந்துரும்" என்று என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். மூன்று நாள் காயவைத்தோம். அவர் சைக்கிளில் வந்து போன மனுசன், வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை.

'கொடுத்தவரைப் பாராட்டினால் உனக்கு ஏன் வலிக்கிறது, பொறாமையா?' என்பீர்கள். பாராட்டுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்கள் பெயரெல்லாம் உள்ளே பலகையில் இருக்கிறதே, அதைப் பார்த்து யாருக்காவது கோபம் வந்ததா? கொட்டகை தந்தவர் என்று எழுதுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன்.

'இப்ப யாருங்க நூலகத்துக்குப் போறாங்க' என்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் வந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் நிற்பதைப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் கேட்டார்கள், அதுதான் உள்ளே தைத்தது. "நீங்களே வாடகை வீட்டுல இருந்தவங்க, நீ என்ன வரி கட்டுன?" என்று ஒருத்தர் நேரிலேயே கேட்டுவிட்டார். ஆமாங்க, வாடகை வீடுதான். எங்கப்பா தறி ஓட்டியவர். வரி ஏறியபோதெல்லாம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், அப்பா கொடுத்தார். சனிக்கிழமைக் கூலி வாங்கி, மளிகைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் உறுப்பினர் அட்டைக்குக் காப்புத்தொகையை எண்ணி என் கையில் வைத்தார். அவர் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். விண்ணப்பத்தில் அந்தக் கையெழுத்தைப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன்.

அந்த மனுசனுக்கும் யாரோ தானம் போட்டதாகச் சொல்லாதீர்கள். தாங்க முடியவில்லை.

கல்வெட்டை உடைக்கச் சொல்லவில்லை. 'நூலகம் தந்தவர்' என்பதைக் 'கொட்டகை தந்தவர்' என்று மாற்றச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. ஞாயிறு காலை அங்கே இருப்பேன், கையெழுத்துப் போட நினைப்பவர்கள் வாங்க. மேடையில் பேசியவர் வந்தாலும் சந்தோசம். கலைக்களஞ்சியம் மூன்றாம் தொகுதியை எடுத்துக் காட்டுகிறேன், தண்ணீர்க் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.