லிங்க் அனுப்புற மகராசன்களே!

காலை ஆறு மணிக்கே மியான்மர்ல எங்க யாங்கோன் குரூப்புல பதினேழு லிங்க். தலைப்பு கிடையாது, ஒரு வரி விளக்கம் கிடையாது. அரசியலா, கும்பாபிஷேகமா, சினிமாவா? சாமிக்குத்தான் வெளிச்சம்.

அதுல முக்கால்வாசி ஃபேஸ்புக். 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே அது முடக்கம்னு அனுப்புறவருக்குத் தெரியாதா? தடையைச் சுத்திப் போற விபிஎன் செயலி போடணும். 2024-லிருந்து அதுக்கும் பூட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு தேடணும். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் தின்னுட்டு, கடைசியில திறந்தா 'இந்தப் பதிவு இப்போது இல்லை'. மூடின குழுவுல கிடந்ததை எடுத்து அனுப்பியிருக்கார் புண்ணியவான்!

ஃபேஸ்புக்ல இருந்து எடுத்த வெளிச் செய்தி லிங்க்குக்கு வால் வேற, அனுமாருக்குப் போட்டியா. 'எஃப்பிசிஎல்ஐடி'ன்னு (fbclid) ஃபேஸ்புக் ஒட்டி விடுற கண்காணிப்புக் குறி மூணு வரி, பெரும்பாலும் கேள்விக்குறியிலிருந்து. அதை வெட்டினா ஒண்ணும் குறையாது, ஆனா வெட்ட மாட்டாங்க. வெட்டத் தெரிஞ்ச ஒருத்தர் யூடியூப்போட நீளமான 'வாட்ச்' லிங்க்கையும் கேள்விக்குறியிலேயே வெட்டுவார். அதுல கேள்விக்குறிக்குப் பின்னாடிதானேய்யா வீடியோவோட அடையாளமே இருக்கு!

பர்மியச் செய்தின்னா இன்னும் விசேஷம். 2019 அக்டோபர் 1-ல நாடே உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியாச்சு. இவர் மட்டும் ஸாஜிங்கிற (Zawgyi) பழைய பர்மிய எழுத்துருவுல அனுப்புவார். குறியெல்லாம் இடம் மாறி, எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்.

தேதி பார்க்கிற வழக்கமாவது உண்டா? 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு மண்டலேன்னு சொல்லி ஏஐ வீடியோ வந்துச்சே, அதையும் நாலு பேர் நாலு தடவை.

கேட்டா, 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன் தம்பி' என்பார் அண்ணன். இருமலும்தான் வருது. அதையும் குரூப்புலயா விடுவீங்க?