கிரேடு 2 என்றால் வெளிச்சுவர் மட்டும் அல்ல

"பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ள விக்டோரியா காலத் தேவாலயத்தை ஃபிளாட்டாக மாற்றும்போது வெளிச்சுவரைத் தொடாவிட்டால் போதும், உள்ளே இஷ்டம்போல் மாடித்தளம் போடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. இங்கிலாந்தில் எந்த கிரேடாக இருந்தாலும் பாதுகாப்பு உட்புறத்துக்கும் சேர்த்துத்தான். வழிபாடு நடந்த காலத்தில் பட்டியல் கட்டட அனுமதி வாங்க வேண்டாம் என்று தேவாலய சபைக்கு இருந்த விலக்கு, குடியிருப்பாகும்போது செல்லாது. கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அந்த அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டின் பட்டியல் கட்டடச் சட்டப்படி குற்றம்.

தளத்தைப் பழைய தூண்களில் கோப்பதும் ஆபத்து. அவற்றின் அடித்தளம் இந்தச் சுமைக்காகப் போட்டதல்ல; ஒரு தூண் சற்று இறங்கினாலே மேல்வளைவில் விரிசல் விழும். தனி அடித்தளத்தில் நிற்கும் எஃகுச் சட்டகமே நல்லது. ஜன்னலருகே தளவிளிம்பைப் பின்தள்ளி நிறுத்துங்கள், ஜன்னலின் கல் பின்னல் வேலைப்பாடு (tracery) வெட்டுப்படாமல் முழு உயரத்துக்கும் தெரியும். ஆனால் அந்த இடைவெளி வழியாகத்தான் கீழ்வீட்டுத் தீயும் சத்தமும் மேலேறும். தீத்தாங்கும் கண்ணாடியால் அதை அடைத்தே ஆக வேண்டும்.