அம்மாவோட மைலோ டின்னும் ஒரு ஈஸ்ட்டும்
அம்மாவுக்கு நாக்குல மறுபடியும் வெள்ளை படிஞ்சிருக்கு. சுகரும் இருக்கு, பல்செட்டும் இருக்கு, அதனால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ வந்துடும். இந்த தடவ எப்பவும் குடுக்கற பூஞ்சை மருந்து ஃபுளுகோனசோல் கேக்கவே இல்ல, ஸ்வாப் எடுத்து லேப்புக்கு அனுப்பினதுல அந்த மருந்துக்கு அடங்காத ஈஸ்ட்னு (பூஞ்சைல ஒரு வகை) வந்துச்சு. "உடம்புக்கு மருந்து பழகிடுச்சுடி"ன்னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க, தேக்கா மார்க்கெட்ல பக்கத்து புளோக் அக்காகிட்டயும் அதையே சொல்ல அவங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்காங்க.

அம்மா, உங்க உடம்பு அப்படியேதான் இருக்கு. மாறினது அந்த ஈஸ்ட்.

கேண்டிடா, அதான் அந்த ஈஸ்ட்டோட பேரு, அதோட செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் வேணும், நமக்கு கொலஸ்டிரால் மாதிரி. அதை செய்யற ஒரு என்சைம்ல போய் ஃபுளுகோனசோல் உக்காந்துக்கும், வேலை நின்னுடும். செல் ரெண்டாகும்போது ஜீனை காப்பி எடுக்கறதுல அங்கங்க ஒரு எழுத்து தப்பாகும், முக்கால்வாசி தப்பால ஒன்னும் ஆகாது, ஆனா இந்த என்சைமோட ஜீன்ல (இஆர்ஜி11னு பேரு) தோதான எடத்துல தப்பாச்சுன்னா மருந்துக்கு உக்கார எடம் இல்ல, என்சைம் பாட்டுக்கு வேலை பாக்கும். உதாரணத்துக்கு, என்சைம்ல கோத்திருக்கற அமினோ அமிலங்கள்ல 132ஆவது எடத்துல டைரோசின்ங்கறது இருக்கணும், அங்க ஃபினைல்அலனின்ங்கற இன்னொன்னு வந்துடுது. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு! இன்னொரு ரகம் இருக்கு, கேண்டிடா கிளப்ராட்டா, அதுல பிடிஆர்1 ஜீன் மாறினா மருந்தை வெளிய துப்பற பம்ப் எக்கச்சக்கமா ஓடும்.

தப்பு தானா நடக்கறதுதான், மருந்து செய்யறது என்னன்னா மத்த ஈஸ்ட் செல்லையெல்லாம் அடக்கி வச்சு மாறின இந்த ஒன்னுக்கு எடம் காலி பண்ணி குடுக்கறது. அதுவும் ஃபுளுகோனசோல் கேண்டிடாவ பெரும்பாலும் கொல்றதில்ல, வளர விடாம நிறுத்தும், அவ்ளோதான்.

இப்ப மைலோ டின்னுக்கு வரேன். டாக்டர் 14 நாளைக்கு குடுத்தா அம்மா நாலாவது நாள் நிறுத்திட்டு மிச்சத்த அந்த டின்ல போட்டு வைப்பாங்க, அப்புறம் நாக்கு லேசா எரிஞ்சா ஒன்னு, பக்கத்து வீட்டுக்கு ஒன்னு. இப்படி விட்டு விட்டு வருஷக்கணக்கா போட்டா அந்த ஈஸ்ட்டுக்கு நாமளே டியூஷன் எடுக்கற மாதிரிதான். வேற மருந்துக்கு மாறலாமேன்னா பாக்டீரியாவுக்கு இருக்கற அளவு பூஞ்சைக்கு மருந்து கிடையாது, ஏன்னா ஈஸ்ட் செல்லும் நம்ம செல்லும் உள்ளுக்குள்ள ஏறக்குறைய ஒரே மாதிரி, அதை அடிச்சா நமக்கும் வலிக்கும்.

நேத்துல இருந்து பல்செட்ட ராத்திரி கழட்டி கழுவி வைக்கறாங்க, அதுவரைக்கும் சந்தோஷம். டின்ன தூக்கிப் போடலாம்னு தேடினேன், எடத்த மாத்தி வச்சிருக்காங்க.