விலைமனுவில் வாங்கிய டொல்பின்

திருகோணமலைக் கடற்கரையோரச் சந்திகளில் கொங்கிறீற்று மீன்களையும் மான்களையும் நட்டுவைக்க யார் யாரைக் கேட்டார்கள் என்று விசாரித்து எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. திடீரெனத் தகரவேலி அடைக்கிறார்கள்; வேலி அகற்றப்படும்போது உள்ளே நீலவர்ணம் பூசிய டொல்பின் ஒன்று நிற்கிறது. பீடத்துக் கருங்கல்லில் திறந்துவைத்தவர், அவருடைய பதவி, பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள் என அனைவரின் பெயர்களும் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. சிற்பியின் பெயர் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் வடிகானுக்கு மூடி போடுவதைப் போலவே, குறைந்த விலை கேட்ட ஒப்பந்தகாரரிடம் வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

அந்த டொல்பினை அருகில் சென்று பாருங்கள். கண்ணுக்கு வைத்த கறுப்பு எனாமல் கன்னம்வரை வழிந்து காய்ந்திருக்கிறது. வயிற்றில் ஓடும் வெடிப்பிலிருந்து செம்மஞ்சள் துரு கசிகிறது. கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால், துருவேறிய கம்பி பருத்து வெளிப்பூச்சைப் பிளக்கும் என்பது இந்த ஊரில் எந்த மேசனுக்கும் தெரிந்த விடயம். தெரிந்தும் கம்பியின்மேல் விரற்கடைப் பூச்சோடு நிறுத்தியிருக்கிறார்கள். மானின் கதை இதைவிடக் கேவலம்: பிரெடரிக் கோட்டைப் பக்கம் உயிருள்ள புள்ளிமான்கள் குப்பையில் பொலித்தீன் மெல்ல, சீமெந்து மானுக்கு இரவில் வண்ணவிளக்கு எரிகிறது.

வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்துக்கு 1981இல் திறந்த போட்டி வைத்தார்கள். பெயர்களை மறைத்து, இலக்கமிட்டு, 1,421 வடிவமைப்புகளைப் பார்த்தார்கள். வென்றவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி. அதே ஆண்டில் நியூயோர்க்கின் அரச அலுவலகச் சதுக்கத்தில் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் படைப்பாக 36 மீற்றர் நீள உருக்குச் சுவர் வந்தது; அங்கு வேலை செய்தவர்கள் எதிர்த்து எழுந்தார்கள்; 1985இல் பகிரங்க விசாரணை நடந்தது; 1989இல் சுவர் அகற்றப்பட்டது. விசாரணையில் பேசிய 180 பேரில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள் என்பதால், அந்த முடிவு நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்குப் பேச ஓர் இடமாவது கிடைத்தது. நமக்குக் கிடைப்பது திறப்புவிழா அழைப்பிதழ், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

கலைஞர்கள் இல்லை என்ற சாட்டும் எடுபடாது. மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை படித்து வெளியேறும் பிள்ளைகள் வேலைக்கு அலைவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூடப் போகவில்லை.

அடுத்த சிலைக்குமுன் மாதிரியுருவை நகரமண்டபத்தில் ஒரு மாதமேனும் வையுங்கள். செலவுக்கணக்கையும், பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையையும், செய்யப்போகும் சிற்பியின் பெயரையும் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மொழியிலும் கருத்துக் கேளுங்கள். அதைச் செய்யும்வரை எங்கள் வரிப்பணத்தில் ஒரு மூடை சீமெந்துகூட எந்தச் சந்தியிலும் இறக்கவேண்டாம்.